பனி இறங்கினால் கரண்ட் போகும்

செபமாலை முதல் கவளத்தைப் பிசைந்து வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

"போயிருச்சு" என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவி அந்தோனியம்மா குரல் கொடுத்தாள்.

"எனக்கும் கண்ணு இருக்கு."

"லைட்டச் சொல்லலீங்க. ஸ்டோர் சத்தம் நின்னுபோச்சு. காது இருக்கான்னு பாருங்க."

காதும் இருந்தது. அதுதான் தொல்லை. ஊசிமலைத் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஸ்டோர்தான். ஸ்டோரின் இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது யார் காதிலும் விழாது. நின்றுவிட்டால் மட்டும் தோட்டமே தலையைத் தூக்கிப் பார்க்கும். பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் அடுத்து நினைவுக்கு வருகிற ஆள் ஒருவர்தான். ஸ்டோரின் வயர்மேன் செபமாலை.

பிசைந்த கையோடு டோர்ச் லைட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வெளியே பனிமூட்டம் இறங்கி, எதிரில் வருகிற ஆளின் மூக்குத் தெரியாதபடி அடைத்துக் கிடந்தது. இருட்டுவதற்கு இன்னும் நேரமிருந்தும் இருட்டிவிட்டிருந்தது.

பூண்டுலோயா றோட்டிலிருந்து வருகிற கரண்ட் லைன், தோட்டத்து கேட்டருகே நிற்கும் ஒரு தூணின் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. தூணின் உச்சியில் குறுக்குச் சட்டம். சட்டத்தின் மேல் வெள்ளைப் பீங்கான்கள். கம்பியைத் தாங்கிப் பிடிப்பதும், கம்பியில் ஓடுகிற கரண்ட் தூணில் இறங்கிவிடாமல் மறிப்பதும் அந்தப் பீங்கான்களின் வேலை. அவை இப்போது வேறு ஒரு வேலையும் பழகிக்கொண்டிருந்தன. பனி இறங்கினால் போதும், சுட்ட தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல 'ஸ்ஸ்ஸ்' என்று சீறும். சீறிய சற்று நேரத்தில் கரண்ட் போகும். பனி கலைந்ததும் போன கரண்ட் தானாகவே திரும்பி வரும். மாப்பிள்ளை முறுக்கு மாதிரி, போவதற்கும் காரணம் சொல்லாது, வருவதற்கும் சொல்லாது.

கேட்டடியில் வாச்சர் முத்துலிங்கம் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு தூணுக்கு அருகிலேயே நின்றார்.

"சத்தம் கேட்டுச்சா அண்ணே?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் செபமாலை.

"கேட்டுச்சுங்கய்யா. நல்லாக் கேட்டுச்சு."

"இப்ப?"

"இப்ப இல்லீங்க."

செபமாலை டோர்ச்சை மேலே அடித்தார். வெளிச்சம் பனியில் முட்டித் திரும்பி வந்தது. இருவரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

மேட்டிலிருந்த ஸ்டோரிலிருந்து, இலைப் பதத்துக்குப் பொறுப்பான டீமேக்கர் சிவசாமியின் குரல் வந்தது. "செபமால! அரைச்ச இலையெல்லாம் புளிக்குதப்பா! என்னா செய்யப் போற?"

அரைத்த கொழுந்து பதமாகப் புளித்ததும் அடுப்பு மெஷினுக்குள் போய்விட வேண்டும். பதம் தவறினால் அன்று மலையில் பெண்கள் கூடை கூடையாகப் பறித்தது அத்தனையும் குப்பை. அந்தோனியம்மாவின் கூடையும் அதில் உண்டு.

"செத்த நேரத்துல வந்திரும்னு சொல்லுங்கய்யா" என்றார் முத்துலிங்கம் நிதானமாக. "பனி கொஞ்சம் வெளுக்கட்டும்."

பனி வெளுத்தது. செபமாலை ஸ்டோர் வாசற்படியில் கால் வைக்கும்போது கரண்ட் வந்தது. முத்துலிங்கத்தின் வாக்கு இதுவரை பொய்த்ததில்லை. கரண்ட் எப்போது வரும் என்று கேட்க டீமேக்கர் இப்போதெல்லாம் வயர்மேனிடம் ஆள் அனுப்புவதில்லை, வாச்சரிடம்தான் அனுப்பினார். அது வேறு செபமாலைக்கு நெஞ்சில் முள்ளாக உறுத்தியது.

செபமாலை தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த பிள்ளை. அப்பாவோடு கவ்வாத்து மலையில் நின்று தேயிலைச் செடி வெட்டியவர். சனிக்கிழமைதோறும் ஹட்டனுக்கு பஸ் ஏறிப் போய், கோயில் மண்டபத்தில் நடந்த வயரிங் வகுப்பில் படித்துத் தேறியவர். பழைய வயர்மேன் ஓய்வு பெற்றுப் போனதும், போன தீபாவளியோடு அந்த வேலை இவருக்குக் கிடைத்தது. வேலையோடு ஒரு வீடும் கிடைத்தது. இரண்டு அறை, தனிக் குழாய், கூரையில் ஒரு பல்ப். அந்த பல்பைப் பற்றி காலையில் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தில் அந்தோனியம்மா சொல்லாத ஆள் பாக்கியில்லை. கூடப் பறிக்கிற காளியாயி ஒருத்தியிடம் மட்டும் மறந்துபோய் இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

வேலைக்கு வந்த புதிதில் செபமாலைக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது. முதல் நாளே கேட்டடிக்குப் போய், தூணுக்குக் கீழே முத்துலிங்கத்தை நிறுத்தி வைத்து ஒரு பிரசங்கமே செய்தார். இழுவைக் கம்பியில் ஈரத்துணி காயப்போடக்கூடாது, தூணில் ஆட்டைக் கட்டக்கூடாது, நனைந்த குடையால் தட்டக்கூடாது, இடி இடிக்கும்போது கிட்ட நிற்கக்கூடாது, கரண்ட் என்பது சாமி மாதிரி, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கேட்கும் என்று இன்னும் என்னென்னவோ. மழை தூறத் தொடங்கியும் நிறுத்தவில்லை. என்னென்ன சொன்னோம் என்பது மறுநாள் அவருக்கே மறந்துபோயிற்று. முத்துலிங்கம் மட்டும் எல்லாவற்றுக்கும் பயபக்தியோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அந்த மழைக்காலம் முழுவதும் ஒரு தொந்தரவும் இல்லை. தை பிறந்து, மழை நின்று, வெயிலும் புழுதியும் மாலைப் பனியும் தொடங்கிய பிறகுதான் சீறலும் தொடங்கியது.

கரண்ட் போன மறுநாள் தோட்டத்து மனேஜரான தொரை கூப்பிட்டனுப்பினார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு வந்த இளவயதுச் சிங்களத் தொரை. கெட்டவர் இல்லை. ஆனால் எதற்கும் காரணம் கேட்பவர்.

"செபமாலை, ஏன் கரண்ட் போகுது?"

"பனிங்க தொரை."

"பனி வெள்ளைக்காரன் காலத்திலும் இருந்தது. கரண்ட் இப்பதானே போகுது?"

செபமாலை கால் பெருவிரலைப் பார்த்தார்.

"கரண்ட் போறது பெரிசில்ல. ஏன் போகுதுன்னு தெரியாத வயர்மேன் எனக்கு வேணாம். காரணம் கண்டுபிடி. இல்லாட்டி கவ்வாத்துக் கத்தி எடுத்துக்கிட்டு மறுபடி மலைக்குப் போ."

கத்திக்குச் செபமாலை பயப்படவில்லை. வெட்டி வளர்ந்த கைதான். மறுபடி லயத்தின் ஒற்றை அறைக் காம்பிராவுக்குள் குப்பி விளக்கோடு நுழையும் அந்தோனியம்மாவின் முகத்தைப் பார்க்கத்தான் பயந்தார்.

கரண்ட் கந்தோருக்கு ஆள் போய், ஒரு போர்மன் வந்தார். வெற்றிலை வாய், நரைத்த மீசை. முத்துலிங்கத்தின் அறையில் ஆணியில் தொங்கிய சாவியை வாங்கி, தூணடியிலிருந்த பூட்டைத் திறந்து, கைப்பிடியை இறக்கி லைனை நிறுத்திவிட்டு, ஏணியில் ஏறினார். ஒரு பீங்கானை விரலால் வழித்துப் பார்த்து, விரலைச் செபமாலையின் மூக்குக்கு நேரே நீட்டினார். கரும்பச்சையாக, பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருந்தது.

"ஒக்கோம ஜராவ, மல்லி" என்றார். எல்லாம் ஊத்தை, தம்பி. பிறகு தமிழுக்கு வந்தார். "உங்க ஸ்டோர் பொகை, றோட்டுப் புழுதி, லொறியில வார சுண்ணாம்புத் தூள், எல்லாம் இதுல படியுது. காஞ்சு கெடந்தா ஒன்னும் இல்ல. பனி வந்து நனைச்சா, நனைஞ்ச ஊத்தையில கரண்ட் ஊர்ந்து போகுது. அதுதான் சத்தம்."

"அப்ப மழைக்காலத்துல ஏன் சத்தம் வரலீங்க?"

"பெரிய மழ நல்லம். கழுவிட்டுப் போயிரும். இந்தச் சின்னப் பனிதான் சனியன்." போர்மன் வெற்றிலையைத் துப்பிவிட்டு மீசையைத் தடவினார். "ஆனா ஒன்னு விளங்கல்ல. எங்க பக்கம் பியூஸ் போகல்ல, ஒன்னும் விழல்ல. பிறகு எப்படி..."

செபமாலைக்கு அது காதில் ஏறவில்லை. காரணம் கிடைத்துவிட்டது! ஊத்தை! வாளியும் சவர்க்காரமும் தேங்காய்ப் பொச்சும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறியவர், மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோகும் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல ஒவ்வொரு பீங்கானையும் தேய்த்தார். இறங்கியபோது அவை பசுவின் பல்லைப்போல வெளுத்திருந்தன.

நாலைந்து நாள் பனி வந்தது, சீறல் வரவில்லை, கரண்ட் போகவில்லை. அந்தோனியம்மா பல்புக்குக் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். செபமாலை மீசையை முறுக்கிக்கொண்டார்.

அதற்கடுத்த நாள் பொழுது சாய, 'ஸ்ஸ்ஸ்' என்றது. கரண்ட் போயிற்று.

"கேட்டுச்சுங்கய்யா" என்றார் முத்துலிங்கம்.

செபமாலை யோசித்தார். தேய்க்கத் தேய்க்க ஊத்தை படிந்தால், ஊத்தை வருகிற வழியை அடைக்க வேண்டும். ஸ்டோர் அடுப்பில் ஈர விறகு எரித்துப் புகை விடுவது டீமேக்கர் சிவசாமி. அவரிடம் போய் மெதுவாகச் சொன்னார்.

"என் பொகைதான் ஒன் பீங்கான்ல போய் ஒக்காருதாக்கும்?" என்று சிவசாமி சீறினார். பீங்கானே பரவாயில்லை என்று செபமாலைக்குத் தோன்றியது. ஆனாலும் புளித்த இலையை நினைத்துச் சிவசாமி இறங்கி வந்தார். புகைக்கூண்டின் உச்சியில் ஒரு தகரக் குழாயை வளைத்து மாட்டி, கேட்டுக்கு எதிர்ப்பக்கம், மலையைப் பார்க்கப் புகையைத் திருப்பிவிட்டார்கள்.

மலை அந்தப் புகையை வைத்துக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் உயரே போய்க் கலைந்துகொண்டிருந்த புகை, இப்போது தாழ வெளியேறி, மாலையில் மலையிலிருந்து இறங்குகிற காற்றோடு சேர்ந்து, ஸ்டோர்க் கூரையைத் தடவி, நேரே கேட்டடித் தூணுக்கு வந்தது. இரண்டே நாளில் சீறல் இரட்டிப்பாகியது. கரண்ட் இப்போது பனி வந்தவுடனேயே போகத் தொடங்கியது.

அன்று இரவு அந்தோனியம்மா குப்பி விளக்கு வெளிச்சத்தில் அப்பச்சட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்ததைச் செபமாலை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கும்மா எண்ணெய் தடவுற?"

"இது என்னா கேள்வி? ஒட்டாம இருக்கத்தான்."

செபமாலை துள்ளி எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் ஓடாத நேரம் லைனை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு போத்தல் தேங்காயெண்ணெயோடு தூணில் ஏறி, பீங்கான்களுக்கு எண்ணெய்க் குளியல் நடத்தினார். அவை மினுமினுத்தன. புதன்கிழமை அண்ணாந்து பார்த்தபோது எள்ளுருண்டைகள் மாதிரி இருந்தன. புகையும் புழுதியும் சுண்ணாம்புத் தூளும் இனிப் போக மனமில்லை என்று அப்பிக்கொண்டிருந்தன.

"நீதானே ஒட்டாதுன்ன?" என்று வீட்டில் வந்து கத்தினார்.

"மாவு ஒட்டாதுன்னேன். கரி ஒட்டாதுன்னேனா?" என்றாள் அந்தோனியம்மா. "அடுப்படியில எண்ணெய்ப் போத்தலப் பாருங்க. அதுலதான வீட்டுக் கரி பூராவும் இருக்கு. என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம்தான். அந்த வாரம் கரண்ட் போகாத நாளே இல்லை. தூணில் முனி ஏறிவிட்டது என்று காளியாயி சொன்னாள். கொழுந்துப் பெண்கள் போகும்போதும் வரும்போதும் தூணடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் கொளுத்தினார்கள். கற்பூரப் புகையும் மேலே போய்ப் பீங்கானுக்குத் தன் பங்கைச் செலுத்தியது. "முனி ஒன்னும் இல்ல, கொளுத்தாதீங்க" என்று செபமாலை கெஞ்சினார். "வேதக்காரருக்கு என்னா தெரியும்" என்று காளியாயி இன்னும் ஒரு கட்டி கொளுத்தினாள்.

"அண்ணே, இதுகள விரட்டுங்களேன்" என்றார் முத்துலிங்கத்திடம்.

"விரட்டச் சொல்லுங்க, விரட்டுறேன். நீங்க சொன்னாப் போதும்."

உண்மைதான். முத்துலிங்கம் சொன்னதைச் செய்கிற மனிதர். அனுமதித் துண்டு இல்லாமல் யாரையும் உள்ளே விடாதே என்று முந்திய தொரை ஒருமுறை சொல்லிவைத்தாராம். அந்தத் தொரையின் சம்சாரம் நுவரெலியாவுக்குப் போய்விட்டுக் காரில் திரும்பி வந்தபோது, துண்டு கேட்டு, பங்களாவிலிருந்து துண்டு வரும்வரை மழையில் நிறுத்திவைத்தவர் முத்துலிங்கம். இப்போது காளியாயியின் கற்பூரத் தட்டைப் பறித்து ஓடையில் எறிந்துவிட்டு வந்து நின்றார். செபமாலைக்கு ஒரு வாரம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பீங்கானில் ஊத்தை படிகிறது. அதைத் தடுக்க முடியவில்லை. பனி நனைக்கிறது, அதைத் தடுக்கலாம் அல்லவா? இதுதான் செபமாலையின் கடைசி யோசனை. இருந்தவற்றுள் நல்ல யோசனையாகவும் அவருக்குப் பட்டது. மறுபடி லைனை நிறுத்தச் சொல்லி, எண்ணெயைச் சுரண்டித் துடைத்துவிட்டு, பழைய கூரைத் தகரத்தை வெட்டி வளைத்து, பீங்கான்களுக்கும் கம்பிக்கும் எட்டாத உயரத்தில் தூணின் உச்சியில் ஒரு குடை கட்டினார். தூரத்திலிருந்து பார்க்கத் தூண் தொப்பி போட்ட கங்காணி மாதிரி இருந்தது.

இரண்டாம் நாள் பெருமழை பெய்தது. தோட்டமே குளித்தது. லயத்துக் கூரை, தேயிலைச் செடி, மாட்டுக் கொட்டில், எல்லாம் பளிச்சென்று ஆயின. குடைக்குக் கீழே இருந்த பீங்கான்கள் மட்டும் ஒரு சொட்டு நனையாமல் தங்கள் ஊத்தையோடு பத்திரமாக இருந்தன. மழைக்கு ஒதுங்க இடம் தேடிய காக்கைகளும் அந்தக் குடையைக் கண்டுபிடித்துவிட்டன. ஒதுங்கிய காக்கை சும்மா இருக்குமா? பீங்கான்கள் மறுபடி வெள்ளையாயின, வேறு வகையில். பனி மட்டும் குடையைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் தாராளமாக நுழைந்தது.

அந்த நேரத்தில்தான் முத்துலிங்கம் தங்கை மகளுடைய சடங்குக்கு ராகலைக்குப் போனார். போகும்போது செபமாலையைத் தேடி வந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஒரு நாள் லீவுங்கய்யா. கேட்ட பூட்டிட்டுப் போறேன். எனக்கு மனசே இல்லீங்க, இந்த நேரத்துல தூண விட்டுட்டுப் போக."

"நீங்க இருந்து என்னா அண்ணே செய்யப் போறீங்க? போயிட்டு வாங்க" என்றார் செபமாலை.

அன்று மாலை பனி இறங்கியபோது செபமாலை தானே தூணடியில் போய் நின்றார். சீறல் தொடங்கியது. அதுவரை கேளாத சீறல். தீபாவளிக்கு முறுக்குச் சுடுகிற எண்ணெய்ச் சட்டி மாதிரி. பீங்கான்களைச் சுற்றி நீலமாகப் பொறி பறந்து விளையாடியது. செபமாலை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "அந்தோனியாரே, ஒரு கட்டு மெழுகுதிரி" என்று நேர்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஸ்டோரின் இரைச்சல் நிற்பதற்காகக் காத்திருந்தார்.

நிற்கவில்லை. கண்ணைத் திறந்தார். மேலே ஸ்டோர் ஜன்னல்களில் விளக்கு வரிசையாக எரிந்துகொண்டிருந்தது. பனி வந்து, கிடந்து, கலைந்து போகும்வரை எரிந்தது.

செபமாலை வீட்டுக்கு ஓடினார். அந்தோனியம்மா பல்புக்குக் கீழே நின்றிருந்தாள்.

"போகல!" என்றார். "கொட வேல செய்யிது!"

"சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சே?"

"கேக்கட்டும். கொலைக்கிற நாய் கடிக்காது."

அந்தோனியம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. மேற்கொண்டு கேள்வி கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. சோற்றைப் போட்டு, மேலே இரண்டு கருவாட்டுத் துண்டும் வைத்தாள்.

காலையில் செபமாலை நேரே தொரையிடம் போய் நின்றார். ஊத்தை, பனி, குடை என்று முறையாக விளக்கினார். காக்கையை மட்டும் விட்டுவிட்டார். மெழுகுதிரியையும் சொல்லவில்லை, அது அவருக்கும் அந்தோனியாருக்கும் இடையிலான விஷயம்.

"இனிப் போகாதா?"

"போகாதுங்க தொரை."

"நிச்சயமா?"

"என் தலைய அடகு வைக்கிறேனுங்க."

தொரை சிரித்தார். "நல்லது. கொழும்பிலேர்ந்து பெரியவங்க ஸ்டோர் பார்க்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. கரண்டுக்குப் பயந்துதான் தள்ளிப் போட்டேன். நாளைக்குப் பின்னேரம் வரச் சொல்றேன்."

அன்று பின்னேரம் பனி இறங்கவில்லை. மறுநாள் பெரியவர்கள் வந்தார்கள். கோட்டும் சப்பாத்துமாக மூன்று பேர். டீமேக்கர் சிவசாமி கல்யாணத்துக்கு வாங்கிய காற்சட்டையில் மூச்சு விடாமல் நின்றார். மெஷின்கள் ஓடின, விளக்குகள் எரிந்தன. தொரை ஒவ்வொரு மெஷினாகக் காட்டிக்கொண்டு வந்தார். அரைத்த இலை செம்பு நிறமாகி மணம் வீசத் தொடங்கிய இடத்தில், பெரியவர்களுள் மூத்தவர் குனிந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. செபமாலை அதைப் பார்த்தார். பயப்படவில்லை. குடை இருக்கிறது. அந்தோனியார் இருக்கிறார். ராகலையிலிருந்து முத்துலிங்கமும் முந்தின நாள் காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

கரண்ட் போயிற்று.

இருட்டில் மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருமூச்சு விட்டு நின்றன. யாரோ யார் காலையோ மிதித்தார்கள். கோட்டுக்காரர் ஒருவர் இலைத் தொட்டிக்குள் கை ஊன்றினார். சிவசாமியின் காற்சட்டை எங்கோ தையல் விட்ட சத்தம் தெளிவாகக் கேட்டது.

"செபமாலை" என்றது தொரையின் குரல். கோபமில்லாத குரல், அதுதான் மோசம். "நாளைக்குக் காலையில பெரட்டுக்கு முந்தி எனக்குக் காரணம் தெரியணும். சரியான காரணம். இல்லாட்டி, கத்தியோட வா."

செபமாலை கேட்டடிக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. டோர்ச்சைக்கூட எடுக்கவில்லை. தூணுக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். பனிக்குள் குடையும் தெரியவில்லை, பீங்கானும் தெரியவில்லை. இந்த ஒரு மாதமாக எத்தனை தடவை இப்படி அண்ணாந்து பார்த்திருப்பார்! கழுத்து வலித்தது. இனி வலிக்க வேண்டிய அவசியமில்லை. கவ்வாத்து வெட்டுகிறவன் குனிந்தால் போதும்.

அழுகை வந்தது. அழுதார்.

அந்தோனியம்மாவும் பின்னாலேயே வந்துவிட்டாள். சங்கதி அதற்குள் எட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, தலையில் போர்த்தியிருந்த கொங்காணியின் ஒரு பாதியை அவர் தோளில் போட்டாள்.

"லயத்துல இருந்தவங்கதானேங்க நாம" என்றாள். "பல்பு என்னா, சோறா போட்டுச்சு? விட்டுத் தள்ளுங்க."

அவள் அந்த பல்பை ஞாயிறுதோறும் சேலை முந்தானையால் துடைக்கிறவள். அதை நினைத்ததும் செபமாலைக்கு இன்னும் அழுகை வந்தது.

முத்துலிங்கம் தன் அறையிலிருந்து ஒரு கோப்பையில் பால் கலக்காத சாயத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார்.

"ஏங்கய்யா, என்னா நடந்துச்சு?"

"வேல போச்சு அண்ணே. காரணம் சொல்லணுமாம். நானும் தலகீழா நின்னு பாத்துட்டேன். கழுவினேன், எண்ணெய் போட்டேன், கொட கட்டினேன். கரண்ட் ஏன் போகுதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

முத்துலிங்கம் திகைத்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேலேயிருந்து ஜீப் வெளிச்சம் வந்துவிட்டது. கொழும்புப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு தொரையே ஓட்டி வந்தார். கேட் திறப்பதற்காக ஜீப் நின்றது.

முத்துலிங்கம் கேட்டைத் திறக்கவில்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, சொல்லாத ஒரு காரியத்தைச் செய்தார். தலையிலிருந்த கம்பளியை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு, ஜீப் வெளிச்சத்துக்கு நேரே போய்க் கைகூப்பி நின்றார்.

"என்ன முத்துலிங்கம்?" என்றார் தொரை. "நேரமாகுது, கேட்டைத் திற."

"தொறக்கிறேனுங்க. ஒரு வார்த்தைங்க. எங்க செபமாலை ஐயாவ மலைக்கு அனுப்பிறாதீங்க தொரை. அவரு மாதிரி வேல தெரிஞ்ச மனுசர் இந்தத் தோட்டத்துலயே இல்லீங்க."

"வேல தெரிஞ்சா கரண்ட் ஏன் போகுது?"

கல்லில் உட்கார்ந்திருந்த செபமாலை தலையைத் தூக்கினார். தனக்காக ஒருவர் பேசுகிறார் என்ற நன்றியில் மறுபடி கண் நிறைந்தது.

முத்துலிங்கம் தூணடியிலிருந்த கைப்பிடியைப் பாசத்தோடு ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அவரு வந்த மொத நாளே எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னாருங்க, மேல எப்ப சீறுற சத்தம் கேக்குதோ அப்பவே இத எறக்கிரணும், பனி வெளுத்த பெறகுதான் ஏத்தணும், இல்லாட்டி ஸ்டோரே எரிஞ்சிரும்னு, ராகலைக்குப் போன அந்த ஒரு நாளத் தவிர நான் ஒரு தடவகூடத் தவற விட்டதில்லீங்க!"